சொல்லிவிட்டுத்தான் தொட வேண்டும்

என் மனைவிக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் கேட்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு கணவன் பொறுமை இழந்த கதையாக இதை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த ஆறு மாதங்களில் ஒரு நாள்கூட நான் பொறுமை இழக்கவில்லை.

அவள் சிவகாசியில் ஒரு தனியார் மருத்துவமனையின் தீக்காயப் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் செவிலியாக இருந்தவள். நான் வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் தமிழாசிரியன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இங்கிலாந்தில் ஒரு மருத்துவமனை, கணினி வழியே நேர்காணல் நடத்தி, அவளை எடுத்துக்கொள்ள இசைந்து கடிதம் அனுப்பியது. நிபந்தனை ஒன்றே ஒன்று: செவிலியருக்கான ஆங்கிலத் தேர்வில் ஆறு மாதத்துக்குள் அவள் தேற வேண்டும். வாசிப்பும் எழுத்தும் கேட்டலும் அவளை அச்சுறுத்தவில்லை. பேச்சுத்தேர்வுதான் கலக்கியது. அதில் தேர்வு நடத்துகிறவர் நோயாளியாக நடிப்பார். தேர்வெழுதுபவர் செவிலியாகவே இருந்து அவரிடம் பேச வேண்டும்.

"நான் சொல்லித் தருகிறேன்" என்றேன்.

"நீங்க தமிழ் வாத்தியாருல்ல?" என்றாள்.

"இலக்கணம் எங்கேயும் இலக்கணம்தான்."

நான் இரண்டு மொழிகளையும் இலக்கணத்தின் வழியே கற்றவன். ஆங்கிலத்தைப் பேசிப் பழகியதைவிடப் பகுத்துப் பழகியதே மிகுதி. எனவே அவள் வாய் திறந்ததும் என் காதில் விழுந்தது பொருளன்று, அமைப்பு. "ஐ ஆம் கோயிங் டு செக் யுவர் பிபி" என்பாள். "ஐ ஆம் ட்ரையிங் டு ஃபைன்ட் த வெயின்" என்பாள். "ஆர் யூ வாண்டிங் டு சிட்?" என்பாள். எந்த வினையும் அவள் வாயிலிருந்து நேரே வருவதில்லை. அதற்கு முன்னால் ஒரு 'கோயிங்', ஒரு 'ட்ரையிங்', ஒரு 'ஹோப்பிங்' வந்து நிற்கும். பிறகு ஒரு 'டு'. அதன் பின்னால்தான் செய்கிற வேலை தலைகாட்டும். வாசலில் நின்று செருப்பைக் கழற்றிக்கொண்டே இருக்கிற விருந்தாளியைப் போன்ற வாக்கியங்கள்.

தமிழிலும் எனக்கு இது பிடிப்பதில்லை. மாணவர்கள் கட்டுரையில் 'செய்யப் போகிறேன்' என்று எழுதினால் அடித்துவிட்டுச் 'செய்வேன்' என்று எழுதுவேன். 'வரலாமென்று இருக்கிறேன்', 'சொல்லப் பார்க்கிறேன்' என்பவற்றைப் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பேன். எதிர்காலத்துக்கென்று வினைமுற்று இருக்கையில், போகிறவனையும் பார்க்கிறவனையும் துணைக்கு அழைப்பது சோம்பல் என்பது என் கட்சி.

முதல் இரண்டு வாரங்கள் நான் மென்மையாகவே சொன்னேன். பகல் பணி முடிந்து நான்கு மணிக்கு அவள் வருவாள். தேநீர் குடித்துவிட்டு உட்காருவோம். "கோயிங் டு வேண்டாம். ஐ ஷால் என்று சொல்" என்பேன். அவள் மறுத்து ஒன்று சொன்னாள்.

"எங்க வார்டுல சொல்லிட்டுத்தான் தொடணும். அது சட்டம். கண்ண மூடிக் கெடக்குறவுகளுக்கு எப்பக் கை விழும்னு தெரியாததுதான் பெரிய வலி. தமிழ்ல 'ஊத்தப் போறேன்'னு சொன்னா, 'ஊத்த'ன்னதுமே ஒடம்பு தூக்கிப் போடுது. தண்ணிதான் மொதல்ல விழுது. இங்கிலீசுல பாருங்க, கோயிங் டு முன்னாடி வந்துருது. மூச்சு வாங்கிக்க எடம் கெடைக்கு."

இலக்கண ஆசிரியன் என்ற முறையில் இதை நான் குறித்துக்கொண்டிருக்க வேண்டும். நாம் செயலை முதலில் வைத்துப் போவதைக் கடைசியில் வைக்கிறோம். அவர்கள் போவதை முதலில் வைத்துச் செயலைக் கடைசியில் வைக்கிறார்கள். இரு மொழிகளும் ஒரே கருத்தை எதிரெதிர்த் திசையில் நடத்திச் செல்கின்றன. இதை எந்த நூலும் எனக்குச் சொல்லவில்லை. புண்ணைக் கழுவுகிற ஒருத்தி சொன்னாள். "தேர்வில் நோயாளி யாரும் இல்லை. நடிக்கிறவர்தான் இருப்பார்" என்று முடித்துக்கொண்டேன்.

அந்த மாதத்தில்தான் சபையில் அந்தப் பேச்சு வந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பாடகர் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிறவர், எனக்குப் பள்ளித் தோழர், எல்லாரும் கேட்கும்படி கேட்டார்:

"என்ன சாரே, அம்மா அங்கன போயி ஊசி போடுவாக. நீங்க போயி என்ன செய்வீக? வெள்ளக்காரனுக்கு யாப்பிலக்கணமா?"

"சமையக்கட்டு இருக்குல்ல?" என்றார் இன்னொருவர்.

"அதுகூட அங்கன மிஷினு செஞ்சிருமாம்லே. நாயக் கூட்டிக்கிட்டு நடக்க மட்டும் ஆளு வேணுமாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. "எங்க வீட்டுக்காரரு எங்க இருந்தாலும் வாத்தியாருதான்" என்றாள். அவள் எனக்காகப் பேசியது எனக்கு மற்றவர்களின் சிரிப்பைவிடக் கசந்தது.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை அவள் படிக்கும் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனாள். எனக்குப் பள்ளி விடுமுறை என்பதால் அதை மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். தீபாவளிப் பட்டாசுச் சீசன் நெருங்கியிருந்ததால் அந்தப் பிரிவில் கட்டில் எதுவும் காலியாக இல்லை. அவளோடு வேலை செய்கிற இளைய செவிலி, அவளை அக்கா என்றும் என்னை அண்ணாச்சி என்றும் அழைப்பவள், வாசலில் என்னை நிறுத்தினாள். "அக்கா டிரெஸ்ஸிங்ல இருக்கு. அந்தத் திரைக்கு இந்தப்பக்கம் நில்லுங்க அண்ணாச்சி" என்றாள்.

பச்சைத் திரை. அதற்கு அப்பால் கிடந்தவன் ஒடிசாவிலிருந்து தாயில்பட்டிப் பக்கம் வேலைக்கு வந்தவன் என்று பின்னர் அறிந்தேன். பட்டாசு மருந்து தீப்பற்றி மார்பிலிருந்து கை வரை வெந்திருந்தது. அவனுக்குத் தமிழ் தெரியாது. என் மனைவிக்கு அவன் மொழி தெரியாது. இருவருக்கும் பொதுவாக இருந்தவை சில ஆங்கிலச் சொற்கள் மட்டுமே.

"தம்பி, லுக் அட் மி. ஐ ஆம் கோயிங் டு..." என்றாள். அங்கே நிறுத்தினாள். அவன் மூச்சை இழுக்கிற ஓசை எனக்குக் கேட்டது. அவன் இழுத்து முடித்ததும் "...போர் வாட்டர். ஒன்லி வாட்டர்" என்றாள். நீர் விழுந்தது. அவன் முனகினான், அலறவில்லை.

"நவ் ட்ரையிங் டு ஓப்பன். ஸ்லோ. ட்ரையிங் டு... ட்ரையிங் டு..." தோலில் ஒட்டிய துணி எவ்வளவு நேரம் பிரிந்ததோ அவ்வளவு நேரம் அந்தச் சொல்லை இழுத்துக்கொண்டிருந்தாள். துணி நின்ற இடத்தில் குரலும் நின்றது. பின்பு அவனே கேட்டான்: "சிஸ்டர், கோயிங் டு?"

"நோ, நோ. ஃபினிஷ்டு."

அவன் சிரித்தான். மார்பு வெந்த ஒருவன் சிரித்ததை நான் கேட்டேன்.

கால் மணி நேரம் அங்கே நின்றேன். அதற்குள் எனக்கு இரண்டு உண்மைகள் தெளிவாயின. அவளுடைய ஆங்கிலம் நான் அறிந்த எந்த ஆங்கிலத்தைவிடவும் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது என்பது ஒன்று. இப்படியே போய் அமர்ந்து பேசினால் அவள் தேறிவிடுவாள் என்பது மற்றொன்று. கண்ணாடியை இளையவளிடம் கொடுத்துவிட்டு, மனைவியைப் பாராமலே வண்டியை எடுத்தேன்.

அன்று மாலைதான் எஃகு அளவுகோலை மேசைமேல் வைத்தேன்.

"இனி ஒரு முறை கோயிங் டு, ட்ரையிங் டு சொன்னால் இதைத் தட்டுவேன். தட்டியதும் வாக்கியத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும்" என்றேன்.

"எதுக்கு?"

"வார்டு ஆங்கிலம் அங்கே செல்லாது."

அவள் நம்பினாள். அவள் என்னை நம்பியது என் படிப்பினால். அந்தப் படிப்பைக்கொண்டே நான் அதைச் செய்தேன். திட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அளவுகோல் மேசையில் ஒரு முறை ஒலிக்கும், அவ்வளவுதான். "ஐ ஆம் கோ..." என்று தொடங்குவாள். டக். "ஐ ஷால்..." என்பாள். அடுத்து என்ன வினை என்று தேடுவாள். தேடும்போது 'ட்ரையிங்' வந்துவிடும். டக். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம். பத்து நாளில் நான் தட்டும் முன்பே நின்றாள். இருபது நாளில் வாய் திறக்கும் முன்பே நின்றாள். "முன்னேற்றம்" என்று பாராட்டினேன்.

உருப்போட வாக்கியங்களும் எழுதிக் கொடுத்தேன். 'ஐ ஷால் நவ் கமென்ஸ் த க்ளென்சிங் ஆஃப் த வூண்ட்', புண்ணின் தூய்மையாக்கலை இப்போது தொடங்குவேன் என்பது போல. அவற்றில் ஒரு பிழையும் இல்லை. அவற்றை எந்த உயிரும் இன்னோர் உயிரிடம் சொன்னதில்லை. நான் எழுதும்போதே அது எனக்குத் தெரியும்.

சபையில் அடுத்த தேநீரின்போது ஆர்மோனியக்காரர், "பாடம் எப்படிப் போகுது?" என்றார். நான் அவள் குரலை அப்படியே எடுத்து, "ஐ ஆம் கோயிங் டு கோ" என்றேன். "போகப் போகிறாளாம்! போவதற்கே இரண்டு முறை போக வேண்டியிருக்கிறது. எப்போது போய்ச் சேருவது?" கூட்டம் கொல்லென்று சிரித்தது. இந்த முறை அவளும் சிரித்தாள். கையிலிருந்த கோப்பையைப் பார்த்துக்கொண்டே சிரித்தாள். அவள் சொன்ன அந்த வாக்கியத்தில் குறையேதும் இல்லை. ஆங்கிலேயர் நாள்தோறும் சொல்வது அது. அங்கே நின்றவர்களில் அதை அறிந்தவன் நான் ஒருவனே.

வீட்டுக்கு வரும் வழியில் வண்டியின் பின்னாலிருந்து கேட்டாள்: "வீட்டுல சொன்னா அது திருத்துறது. ஊருக்கு முன்னால சொன்னா அதுக்குப் பேரு என்ன?"

"அதுவும் பயிற்சிதான். கூச்சம் போக வேண்டும்" என்றேன்.

அதன் பிறகு அவள் கேள்வி கேட்பதை விட்டுவிட்டாள்.

தேர்வுக்குச் சென்னைக்கு நானே அழைத்துப் போனேன். மையத்தின் எதிரே தேநீர்க் கடையில் காத்திருந்தேன். இரண்டு தேநீர் குடித்தேன். அவள் சாலையைக் கடந்து வந்த நடையிலேயே எனக்கு விடை கிடைத்துவிட்டது. இருந்தாலும் "எப்படி?" என்றேன்.

"கையில சுடுதண்ணி பட்ட ஒரு பாட்டி. அதான் கேசு. நான் ஆயிரந்தடவ பாத்த கேசு" என்றாள். "அந்தம்மா பாட்டியா நடிச்சுச்சு. பயந்த மாதிரி கைய இழுத்துக்கிட்டு, 'வாட் ஆர் யூ கோயிங் டு டூ டு மி?'ன்னு கேட்டுச்சு. வெள்ளக்காரிதான். அதுவே கோயிங் டு சொல்லுச்சு. எனக்குச் சிரிப்பு வந்துருச்சுங்க. பதில் சொல்லணும்னு வாயத் தொறந்தேன். 'ஐ'ன்னேன். அதுக்கு மேல வரல. டேபிளுல ஏதோ தட்டப் போகுதுன்னு அதையே பாத்துக்கிட்டு இருந்தேன். அந்தம்மா திரும்பவும் கேட்டுச்சு. நீங்க எழுதிக் குடுத்தத ஒப்பிச்சேன். நடுவுல நின்னுபோச்சு. அந்தம்மா கைய இன்னும் உள்ள இழுத்துக்கிச்சு. நடிக்கிறதுக்குத்தான் இழுத்துச்சா, நெசமாவே பயந்துச்சான்னு தெரியல."

"பரவாயில்லை. பார்ப்போம்" என்றேன். அவளுக்கு ஒரு தேநீர் சொன்னேன்.

முடிவு வந்தது. மற்ற மூன்றிலும் தேறியிருந்தாள். பேச்சில் இல்லை. மருத்துவமனைக்கு எழுதிக் கூடுதல் காலம் கேட்டாள். வருந்துவதாகப் பதில் எழுதி இடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்தப் பதிலை அவள் எனக்குப் படித்துக் காட்டிய பகலில், குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லி நான் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். மறுவாரம் சபையில் ஆர்மோனியக்காரர் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னார். ஆறுதல் சொல்லப்படுகிறவனாக இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. கேலிக்கு ஆளாவதைவிட அது எவ்வளவோ மேல்.

இத்தோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒரு மாதம் சென்றிருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை அந்த இளைய செவிலி வீட்டுக்கு வந்தாள். என் மனைவி தரையில் அமர்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். வந்தவள் அவளிடம் பேசவில்லை. என்னிடம்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, நீங்களாச்சும் அக்காவக் கேளுங்க. வார்டுல பேசவே மாட்டேங்குது. சொல்ல ஆரம்பிக்குது, பாதில நின்னுருது. கை மட்டும் போகுது. நேத்து ஒரு பொம்பளப்பிள்ள, பத்து வயசு, சொல்லாமத் தொட்டதுல கட்டில விட்டே விழுந்துருச்சு. தையல் போட்டிருக்கு. டாக்டர் சத்தம் போட்டாரு. அக்காவப் போயி சத்தம் போடுறாரு!"

என் மனைவி தலை நிமிரவில்லை. "விடு புள்ள" என்றாள்.

"என்னத்த விட? அண்ணாச்சி, நீங்களே கேட்டீகள்ல, கண்ணாடி குடுக்க வந்த அன்னைக்கு. அந்த ஒடிசாக்காரப் பையனுக்கு டிரெஸ்ஸிங் பண்ணும்போது. திரைக்கு இந்தப்பக்கம் கால் மணி நேரம் நின்னீகளே. எம்புட்டு அழகாச் சொல்லிச் சொல்லிப் பண்ணுச்சு! அந்த அக்காவா இது?"

பூண்டு உரிக்கிற விரல்கள் நின்றன.

"நின்னு கேட்டீகளா?" என்றாள் என் மனைவி.

பொய் சொல்ல நேரம் இருந்தது. பொருத்தமான பொய்யும் கைவசம் இருந்தது. ஏனோ சொல்லவில்லை. "கேட்டேன்" என்றேன்.

"கண்ணாடி மறந்தது செவ்வாக்கெழம." அவள் கணக்குப் பார்க்கிறவளைப் போலச் சற்று நிறுத்தினாள். "அன்னைக்குச் சாயங்காலந்தான ஸ்கேல எடுத்து வச்சீக."

"ஆமாம்."

"நல்லா இருந்துச்சா, நான் பேசுனது?"

"நன்றாக இருந்தது."

அவள் தலையை ஒரு முறை அசைத்தாள். நோயாளியின் காய்ச்சல் அளவைக் கேட்டு அட்டையில் குறித்துக்கொள்ளும்போது செவிலியர் அப்படித்தான் அசைப்பார்கள். இளையவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தான் எதைக் கொட்டிவிட்டோம் என்று அவளுக்கு விளங்கவில்லை. ஏதோ கொட்டிவிட்டது என்பது மட்டும் விளங்கியது. "நான் வாறேன்க்கா" என்று எழுந்தாள்.

"இரு, சாப்பிட்டுப் போ" என்றாள் என் மனைவி. பூண்டை உரித்து முடித்துச் சமைத்து, அவளுக்கும் எனக்கும் பரிமாறினாள். என் தட்டில் எப்போதும் வைக்கும் அளவுதான் வைத்தாள்.

சண்டை வரும் என்று பல நாள் காத்திருந்தேன். வரவில்லை. அவள் பணியிலிருந்து நான்கு மணிக்கு வருவது ஆறு மணியாயிற்று. இளையவளோடு கட்டு மாற்றும் அறையில் இருந்து ஒருவருக்கொருவர் நோயாளியாக நடித்துப் பேசிப் பழகுகிறாள் என்று பிறர் சொல்லி அறிந்தேன். முதலில் நாக்கு திரும்பவே மறுத்ததாம். ஒரு வாக்கியத்தில் நின்றுவிட்டால் இளையவள் படுக்கையில் கிடந்தபடியே, "சிஸ்டர், கோயிங் டு? கோயிங் டு?" என்று அலறிக்கொண்டே இருப்பாளாம். சிரித்துச் சிரித்து மறுபடியும் வந்துவிட்டதாம். எனக்கு இதைச் சொன்னவர் ஆர்மோனியக்காரரின் மனைவி. அவரும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

ஒரு முறை, "மறுபடியும் எழுதுகிறாயா? நான் உதவுகிறேன்" என்றேன்.

"நீங்க ஒதவுனது போதுங்க" என்றாள். குரலில் கடுமை இல்லை.

இரண்டாம் தேர்வின் நாள் எனக்குத் தெரியாது. தேறியதும் எனக்குத் தெரியாது. இங்கிலாந்தில் வேறோர் ஊரில் வேறொரு மருத்துவமனை அவளுக்கு இடம் கொடுத்ததும் எனக்குத் தெரியாது. ஒரு ஞாயிறு பகல், ஆராதனை முடிந்து வந்து, நான் கட்டுரைகள் திருத்திக்கொண்டிருந்த மேசையில் அச்சிட்ட படிவம் ஒன்றை வைத்தாள்.

"விசாவுக்கு. எழுத்துப்பிழை எதுவும் இருக்கான்னு பாத்துக் குடுங்க. அதுல உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது."

அது உண்மை. அவள் ஏளனமாகச் சொல்லவில்லை. நான் படித்தேன். அவள் பெயர். பிறந்த ஊர் காரியாபட்டி. மணமானவர். கணவர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் எழுத்துக்கு எழுத்துச் சரியாக இருந்தது. அதன் கீழே இரண்டு கேள்விகள். உங்களோடு பயணம் செய்யும் குடும்பத்தினர் உண்டா? பின்னர் வந்து சேரத் திட்டமிட்டிருப்பவர் உண்டா? 'பிளானிங் டு ஜாயின்' என்றுதான் இருந்தது. இரண்டுக்கும் எதிரே 'நோ' என்று தட்டச்சு செய்திருந்தாள்.

இரண்டாம் கேள்வியில் திட்டமிட வேண்டியவன் நான். அதற்கு விடை சொல்ல வேண்டியவனும் நானல்லவா என்று ஒரு கணம் தோன்றியது. மீண்டும் படித்தேன். படிவம் அவளுடையது. கேட்கப்பட்டவள் அவள். என் நாற்காலியின் பக்கத்திலேயே அவள் நின்றாள், அமரவில்லை.

"இருக்கா?" என்றாள்.

"முகவரியில் பின்கோட்டில் ஓர் எண் விடுபட்டிருக்கிறது."

குனிந்து பார்த்தாள். "ஆமா" என்றாள். என் சிவப்புப் பேனாவை எடுத்து ஓரத்தில் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். "வேற?"

"வேறு பிழை இல்லை" என்றேன்.

"அப்பச் சரி" என்று படிவத்தை எடுத்துக்கொண்டு, திருத்தி மறுபடியும் அச்செடுக்கப் போனாள்.